அந்நியச் சதி என்னும் ஆயுதம்: ஆவடி மாநாடு முதல் இடிந்தகரை வரை

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலிருந்தே ராணுவக் கிடங்குகளுக்குப் பேர்போன ஆவடியில் 1955 ஜனவரியில் இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு கூடியது. சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் சூட்டப்பட்ட திடலில் யு.என். தேபர் தலைமை வகித்தார். காமராசர் முதலமைச்சராகி ஓராண்டுகூட நிறையவில்லை. 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற குறிக்கோளைக் கட்சி அங்கேதான் ஏற்றது. மூன்று மாதம் கழித்து பாண்டுங்கில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. அந்த ஆண்டின் இறுதியில் புல்கானினும் குருஷ்சேவும் இந்தியாவைச் சுற்றிவந்தார்கள். இவற்றை ஒரே கோட்டில் நிறுத்தி, ஆவடியில் தொடங்கிய மேற்கு எதிர்ப்பு இருபது ஆண்டு கழித்து நெருக்கடி நிலையில் முற்றியது என்று எழுதுவது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அந்தக் கோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பட்ட அனுபவத்திலிருந்து வளர்ந்த மனக்கசப்பு ஒன்று. எதிர்க்கட்சியினரைச் சிறையில் அடைத்த அரசு அதற்குக் காரணம் சொல்வதற்காகக் கையில் எடுத்துக்கொண்ட மேற்கு எதிர்ப்பு வேறொன்று. இரண்டாவதற்கு வாஷிங்டனிலோ லண்டனிலோ எதிரி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளூரில் ஓர் எதிரி இருந்தால் போதும்.

ஆவடித் தீர்மானம் மேற்குக்கு எதிரானதல்ல என்பதற்கு அந்த வட்டாரத்தின் தொழிற்சாலைகளே சான்று.  அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கூட்டுறவில் பிறந்தது. டன்லப் டயர் ஆலையும் அம்பத்தூரில் வந்தது. பாடியில் 1960களின் தொடக்கத்தில் எழுந்த லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகிய இரண்டும் பிரிட்டிஷ் தொழில்நுட்பத்தைக் கொண்டவை. சோஷலிச பாணியை ஏற்ற ஆவடியிலேயே 1961இல் மத்திய அரசு கனரக வாகனத் தொழிற்சாலையை நிறுவியது பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டுதான். 1965இல் அங்கிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கியின் வடிவமைப்பு விக்கர்சுடையது. அதன் 105 மில்லிமீட்டர் பீரங்கியும் லேலண்ட் எஞ்சினும் பிரிட்டிஷ் வகையைச் சேர்ந்தவை. சோவியத் உதவி அதே காலத்தில் நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கும் சென்னை நந்தம்பாக்கத்தின் அறுவைக் கருவித் தொழிற்சாலைக்கும் வந்தது. இரு பக்கமும் கை நீட்டுவதே அணிசேராமை என்று அன்று பொருள்கொண்டார்கள். அதில் வெறுப்புக்கு இடமில்லை; பேரத்துக்கு நிறைய இடமிருந்தது.

கசப்பு உண்மையில் தொடங்கியது சோற்றில். பொதுச் சட்டம் 480 என்ற அமெரிக்கத் திட்டத்தின்கீழ் 1956 முதல் இந்தியா கோதுமை வாங்கிவந்தது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுத விற்பனையை நிறுத்தியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பருவமழை பொய்த்தது. ஜனாதிபதி ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்துக்குப் பதிலாக மாதக்கணக்கில் அளந்து தானியம் அனுப்பும் முறையைக் கையாண்டார். வேளாண் கொள்கையை மாற்று, வியட்நாம் பற்றிப் பேசாதே என்பவை அதன் வெளிப்படையான, வெளிப்படாத நிபந்தனைகள். 1966இல் இறக்குமதியான தானியம் ஒரு கோடி டன்னைத் தாண்டியது. கப்பல் வந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலை.

இந்த இடத்தில் ஒரு தமிழரின் பாதையைப் பின்தொடர்வது பயன்தரும். ஆவடி மாநாடு நடந்தபோது சென்னை மாகாண அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், பத்தாண்டு கழித்து மத்திய உணவு அமைச்சர். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் செயலர் ஃப்ரீமனுடன் பேசி உடன்பாடு கண்டவர் அவரே. மெக்சிகோவிலிருந்து பதினெட்டாயிரம் டன் கோதுமை விதையை வரவழைத்தவரும் அவரே. இடதுசாரிகள் அவரை அமெரிக்காவுக்கு வளைந்துகொடுத்தவர் என்று சாடினார்கள். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆனது. உலக வங்கியும் அமெரிக்காவும் வாக்களித்த உதவி முழுதாக வந்து சேரவில்லை. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராசர் இந்த முடிவை ஏற்கவில்லை. அடுத்த மாதமே பிரதமர் இந்திரா காந்தி மாஸ்கோ சென்று வியட்நாமில் 'ஏகாதிபத்திய ஆக்கிரமிப்பு' நடப்பதைக் கண்டிக்கும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். ஜான்சன் கடுங்கோபம் கொண்டார். 1967 தேர்தலில் அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் சேர்ந்து தமிழகத்தில் காங்கிரசைக் கவிழ்த்தன. விருதுநகரில் காமராசரும், கோபிசெட்டிபாளையத்தில் சுப்பிரமணியமும் தோற்றார்கள்.

இதுவரை நடந்ததில் சர்வாதிகாரம் எதுவும் இல்லை. பசித்த நாட்டின் தன்மானம் காயப்பட்டது, அவ்வளவுதான். 1971இல் காயம் ஆழமானது. யாஹியா கானின் ராணுவம் கிழக்கு வங்கத்தில் நடத்திய படுகொலையைக் கண்டும் நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் பாகிஸ்தான் பக்கமே நின்றார்கள். ஆகஸ்ட் 9 அன்று இந்திய, சோவியத் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பரில் ஏழாவது கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல் எண்டர்பிரைஸ் வங்காள விரிகுடாவை நோக்கி வந்தது. அதைக் கண்டு வந்த சினம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

திருப்பம் வெற்றிக்குப் பிறகு நேர்ந்தது. வெளியே எதிரி அடங்கியபின் உள்ளே விலைவாசி ஏறியது. 1972இல் காங்கிரஸ் தலைவர் சங்கர் தயாள் சர்மா, நாட்டின் அமைதியின்மைக்குப் பின்னால் சி.ஐ.ஏ. இருப்பதாகக் குற்றம்சாட்டத் தொடங்கினார். 1973 செப்டம்பரில் சிலியின் அயெந்தே வீழ்த்தப்பட்டார். இந்திரா தன் பேச்சுகளில் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த குறி நான்தான் என்பது அதன் பொருள். அவருடைய அச்சம் முழுக்கப் பாசாங்கு என்று தள்ள முடியாது. சிலியில் சி.ஐ.ஏ. செய்த மறைமுக வேலைகளை 1975 டிசம்பரில் அமெரிக்க செனட்டின் குழுவே அறிக்கையாக வெளியிட்டது. அதற்கு முன்பே, அந்த ஆகஸ்டில், டாக்காவில் முஜிபுர் ரகுமான் குடும்பத்தோடு கொல்லப்பட்டிருந்தார். ஆனால் அந்த அச்சம் யார்மீது திரும்பியது? இந்திரா ஆட்சிக்கு எதிரான இயக்கத்தை நடத்திய ஜெயப்பிரகாஷ் நாராயண்மீது. ரயில்வே வேலைநிறுத்தத்தை நடத்திய ஜார்ஜ் பெர்னாண்டஸ்மீது. பழைய காங்கிரஸ்காரர்கள்மீது. ஆவடி மாநாடு நடந்த மாகாணத்தின் முதல்வராக இருந்த காமராசர், 1969இல் காங்கிரஸ் பிளவுபட்ட பிறகு 'சிண்டிகேட்', பிற்போக்கு என்ற முத்திரைகளைச் சுமந்தார். அவரை விடவா மற்றவர்கள் சோஷலிசவாதிகள்?

இதே ஆண்டுகளில் டெல்லியும் வாஷிங்டனும் நடத்திய கொடுக்கல்வாங்கலைப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் டேனியல் மொய்னிஹன், கோதுமைக் கடனில் இந்தியாவில் குவிந்திருந்த ரூபாய் நிதியின் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்யும் விதமாக ரூ.1,664 கோடிக்குக் காசோலை கொடுத்தார். அன்றைய உலகின் மிகப்பெரிய காசோலை என்று அது பேசப்பட்டது. அந்த மொய்னிஹன் 1978இல் வெளியிட்ட நூலில் இன்னொரு செய்தியையும் எழுதினார். கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்டுகள் வெல்லும் நிலை வந்தபோது அமெரிக்கா இரு முறை ஓர் இந்தியக் கட்சிக்குப் பணம் கொடுத்தது; வாங்கியது காங்கிரஸ்; அதில் ஒரு முறை பணம் கட்சிப் பொறுப்பில் இருந்த இந்திராவிடமே கொடுக்கப்பட்டது என்பது அவர் கூற்று. இந்திரா மறுத்தார். சி.ஐ.ஏ. சதி பற்றி அதிகம் பேசிய கட்சிமீதே இந்தக் குற்றச்சாட்டு வந்து விழுந்ததை வரலாற்றாசிரியர்கள் இன்னும் கொஞ்சம் ரசித்திருக்கலாம்.

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் இந்திராவின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது. 25ஆம் தேதி இரவு நெருக்கடி நிலை வந்தது. மறுநாள் காலை வானொலியில் பிரதமர் பேசியபோது, ஆழ்ந்து பரவிய சதி ஒன்று நடப்பதாகச் சொன்னார். நெருக்கடி நிலையைப் பின்னர் விசாரித்த ஷா ஆணையத்தின் கணக்குப்படி, விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் 1,10,806 பேர். அவர்களில் வெளிநாட்டு உளவாளி என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட தலைவர் எவரும் இல்லை. 1975 டிசம்பரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பாட்னாவில் பாசிச எதிர்ப்பு மாநாடு கூட்டியது. அங்கே பாசிசம் என்று பெயரிடப்பட்டது சிறைக்கொட்டடி அல்ல; அதில் ஆதரவாளர்கள் அடைக்கப்பட்டிருந்த ஜெயப்பிரகாஷின் இயக்கம்.

பத்திரிகைத் துறையில் இந்த உத்தி மிகத் தெளிவாகத் தெரிகிறது. நெருக்கடி நிலையின் முதல் வாரங்களிலேயே வாஷிங்டன் போஸ்ட், லண்டன் டைம்ஸ், நியூஸ்வீக், டெய்லி டெலிகிராப் ஆகியவற்றின் செய்தியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிபிசியின் மார்க் டல்லியும் கிளம்ப நேர்ந்தது. 1977க்குப் பிறகுதான் திரும்பினார். 1976 பிப்ரவரியில் பி.டி.ஐ., யு.என்.ஐ., ஹிந்துஸ்தான் சமாச்சார், சமாச்சார் பாரதி என்ற நான்கு செய்தி நிறுவனங்களும் ஒன்றாக்கப்பட்டு 'சமாச்சார்' என்ற ஒரே நிறுவனம் உருவானது. அதே ஆண்டு ஜூலையில், தகவல் அமைச்சர் வித்யா சரண் சுக்லாவின் காலத்தில், அணிசேரா நாடுகளின் செய்தி மாநாடு புது டெல்லியில் நடந்தது. ராய்ட்டர்ஸ், ஏ.பி., ஏ.எப்.பி. ஆகியவற்றின் ஏகபோகத்துக்கு மாற்றாக அணிசேரா நாடுகளின் செய்திக் கூட்டமைப்பு அங்கே பிறந்தது.

அந்த முறையீட்டில் உண்மை இருந்தது. பஞ்சம், கலவரம், வெள்ளம் தவிர ஆசியாவிலிருந்து எதுவும் மேற்கத்திய நாளிதழ்களை எட்டவில்லை. கொழும்பில் நடப்பதைச் சென்னை வாசகர் லண்டன் வழியாகத்தான் படித்தார். யுனெஸ்கோ பின்னர் நியமித்த மெக்பிரைட் குழு இந்தச் சமனின்மையை விரிவாக எழுதியது. ஆனால் டெல்லி மாநாட்டில் மேற்கின் ஏகபோகத்தைக் கண்டித்த அரசின் ஊரில், தணிக்கை அதிகாரியின் முத்திரையில்லாமல் ஒரு தலையங்கம் அச்சேற முடியவில்லை. தன் நான்கு நிறுவனங்களை ஒன்றாக்கிவிட்டு உலகின் மூன்று நிறுவனங்களை ஏகபோகம் என்று சாடினார்கள். நியாயமான குறை எவ்வளவு எளிதில் ஒரு சர்வாதிகாரத்தின் கவசமாகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும், இந்திரா தன் தரப்பைச் சொல்ல மேற்கத்திய ஊடகங்களுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டே இருந்தார். லண்டன் என்ன நினைக்கிறது என்ற கவலை அவரை விட்டு நீங்கவில்லை.

வெளியுறவுக் கொள்கையோ பேச்சைப் பின்பற்றவே இல்லை. பாகிஸ்தானுக்கு ஆயுதத் தடையை அமெரிக்கா நீக்கியதால் 1975 மார்ச்சில் வாஷிங்டன் பயணத்தைத் தள்ளிப்போட்ட வெளியுறவு அமைச்சர் சவான், நெருக்கடி நிலை வந்தபின் அதே அக்டோபரில் அங்கே போனார். நிதி அமைச்சர் யார்? ரோமில் ஃப்ரீமனோடு உட்கார்ந்து பேசிய அதே சி. சுப்பிரமணியம். உலக வங்கித் தலைவர் மக்னமாரா 1976இல் இந்தியா வந்தார். வேலைநிறுத்தம் ஒடுங்கியதும் ரயில்கள் நேரத்துக்கு ஓடியதும் கடன் கொடுப்போருக்குப் பிடித்திருந்தன. ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் பிரிட்டிஷ் வடிவமைப்பிலேயே தொடர்ந்து தயாராயின. சோவியத் டி-72 அங்கே உற்பத்திக்கு வந்தது 1980களின் பிற்பகுதியில்தான், அதாவது மேற்கு எதிர்ப்புப் பேச்சு பெருமளவு தணிந்தபின். சீனாவுக்கு மீண்டும் தூதரை அனுப்பியதும் 1976இல்தான். மாஸ்கோ அதை விரும்பியிருக்காது.

தமிழகத்தில் இந்தப் பேச்சு வேர்பிடிக்காததற்குத் தனிக் காரணம் உண்டு. இங்கே ஆங்கிலம் அடிமைச் சின்னமாக மட்டும் பார்க்கப்படவில்லை. 1965இல் அது இந்திக்கு எதிரான கேடயம். ராஜாஜி 1959இல் சென்னையில் தொடங்கிய சுதந்திராக் கட்சி மேற்குச் சார்பை ஒளிக்கவில்லை, 1967இல் தி.மு.க.வுக்கு அது கூட்டணிக் கட்சி. முதலமைச்சர் அண்ணா 1968இல் யேல் பல்கலைக்கழகத்தின் விருந்தினராகப் போய்வந்ததைத் தமிழர்கள் பெருமையாகக் கொண்டாடினார்கள். இப்படிப்பட்ட கட்சியை 'சி.ஐ.ஏ. கைக்கூலி' என்றால் எடுபடாது. ஆகவே 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சியைக் கலைத்தபோது டெல்லி முன்வைத்தவை ஊழல், நிர்வாகச் சீர்கேடு, அதிகார முறைகேடு. அதுவரை வடக்கிலிருந்து தப்பிவந்த எதிர்க்கட்சித் தலைவர்களுக்குச் சென்னை புகலிடமாக இருந்தது. அதன்பின் சென்னை மத்தியச் சிறை நிரம்பியது. முன்னாள் மேயர் சிட்டிபாபு அங்கே தாக்கப்பட்டு உயிரிழந்தார். காமராசர் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1975 அக்டோபர் 2 அன்றே காலமாகியிருந்தார். 1977 மார்ச் தேர்தலில் வட இந்தியா காங்கிரசைத் துடைத்தெறிந்தபோது, தமிழகத்தின் 39 தொகுதிகளில் 34 அ.தி.மு.க., காங்கிரஸ், கம்யூனிஸ்ட் அணிக்கே போயின. இந்த முரணை அந்நியச் சதிப் பேச்சின் வெற்றியாகக் கொள்ள முடியாது, எம்.ஜி.ஆரின் செல்வாக்கும் தி.மு.க. மீதான சலிப்புமே அதை விளக்கப் போதுமானவை.

ஆட்சி மாறியபின் நடந்தது இன்னும் சுவையானது. 'அந்நிய சக்திகளின் கருவி' எனப்பட்ட ஜார்ஜ் பெர்னாண்டஸ் ஜனதா அரசின் தொழில்துறை அமைச்சரானார். 1973 அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி பங்கைக் குறைக்க மறுத்த கோகோ கோலாவும் ஐ.பி.எம்.மும் வெளியேறியது அவர் காலத்தில். உண்மையான மேற்கு எதிர்ப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் பதில் சங்கடமானது.

கடலுக்கு அப்பால் இதே காட்சி இருமுறை நடந்தது. சிறிமாவோ பண்டாரநாயக்க எண்ணெய் நிறுவனங்களைத் தேசியமயமாக்கியதால் 1963இல் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. அது அனுபவத்தில் விளைந்த கசப்பு. அடுத்த முறை ஆட்சிக்கு வந்தபோது அவர் 1972 அரசியலமைப்பின் வழியே நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்டார்; 1973இல் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசுடைமையாக்கினார்; 1976இல் அணிசேரா உச்சிமாநாட்டைக் கொழும்பில் நடத்தினார். 1977இல் வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா மேற்கை வாரி அணைத்தவர். ஆனாலும் 1982இல் தேர்தலுக்குப் பதில் பொதுவாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தை நீட்டித்தார். சர்வாதிகாரத்துக்கு மேற்கு எதிர்ப்பு கட்டாயமில்லை என்று காட்ட அவர் ஒருவர் போதும். போர் முடிந்த 2009க்குப் பிறகு மகிந்த ராஜபக்ச அரசில் அது மீண்டும் பயன்பட்டது. 2010 ஜூலையில் அமைச்சர் விமல் வீரவன்ச ஐ.நா. அலுவலகத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார். ஜனாதிபதியே நேரில் வந்து முடித்துவைத்தார். 2012இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை பற்றிய தீர்மானம் 24 வாக்குகளால் நிறைவேறியது. தமிழகக் கட்சிகளின் நெருக்குதலுக்குப் பின் இந்தியாவும் ஆதரித்தது. ஆனால் அந்த முழக்கங்களின் விலையைக் கொடுத்தது ஜெனீவா அல்ல. காணாமற்போன மகனைத் தேடிய தாயும், அவளுக்கு மனு எழுதிக்கொடுத்த வடக்கின் சிறு தொண்டு நிறுவனமும்தான். 2014 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சின் செயலகம் தொண்டு நிறுவனங்கள் பத்திரிகையாளர் சந்திப்பே நடத்தக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது.

இந்தியாவில் நெருக்கடி நிலையின் பேச்சு மறைந்தது, சட்டம் மறையவில்லை. அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் புகுத்திய 'தேச விரோதச் செயல்கள்' பிரிவை ஜனதா அரசு நீக்கியது. ஆனால் 1976 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த அந்நியப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை எந்த அரசும் கைவிடவில்லை. கட்சிகள், வேட்பாளர்கள், செய்தியாளர்கள், நீதிபதிகள் ஆகியோர் வெளிநாட்டுப் பணம் பெறுவதைத் தடுப்பது அதன் நோக்கம். 2010இல் அது மேலும் இறுக்கமான புதிய சட்டமாயிற்று. ரஷ்யா 'அந்நிய முகவர்' சட்டம் இயற்றியது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து.

2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை மீனவர்கள் எழுந்தபோது அந்தச் சட்டம் நெல்லைக் கடற்கரைக்கு வந்தது. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் விளைந்த ரஷ்ய உலை அது. 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங், ஓர் அறிவியல் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், எதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். போராட்டக் குழு மறுத்தது. தென்மாவட்டத் தொண்டு நிறுவனங்களின் கணக்குகள் முடக்கப்பட்டன; ஆயிரக்கணக்கானோர்மீது மாநிலக் காவல்துறை தேசத்துரோக வழக்குப் போட்டது. அந்நியக் கை என்ற குற்றச்சாட்டை எழுப்பிக் கணக்குகளை முடக்கியது, நான்காண்டுக்கு முன் அமெரிக்காவோடு அணுசக்தி உடன்பாடு செய்துகொள்வதற்காக இடதுசாரிகளின் ஆதரவையே இழந்த அரசு.

தூத்துக்குடியில் ஆலை வைத்திருந்த ஸ்டெர்லைட் உள்ளிட்ட வேதாந்தா குழும நிறுவனங்களிடமிருந்து நன்கொடை வாங்கியதால் காங்கிரசும் பா.ஜ.க.வும் 1976 சட்டத்தை மீறியதாக 2014 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 நிதிச் சட்டம், அந்நிய நிறுவனம் எது என்பதற்கான வரையறையைக் கட்சிகளுக்குச் சாதகமாக மாற்றியது. அது 2010க்கு முந்தைய நன்கொடைகளைக் காப்பாற்றவில்லை. ஆகவே 2018இல் மீண்டும் ஒரு திருத்தம் கொண்டுவந்து, விலக்கு 1976 ஆகஸ்ட் 5 முதலே செல்லும் என்று முன்தேதியிட்டார்கள். மக்களவையில் அது விவாதமின்றி நிறைவேறியது. இரண்டாண்டு கழித்து, 2020 செப்டம்பரில், தொண்டு நிறுவனங்களின் நிர்வாகச் செலவு வரம்பு ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டுப் பணம் பெற எல்லோரும் டெல்லியில் உள்ள ஒரே ஒரு பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும் என்று ஆனது.